பிரித்தாயிற்று, பூட்டுவது எப்போது?

பிரிட்டனில் பழைய கார்களுக்கென்றே மாத இதழ்கள் வெளிவருகின்றன. அவற்றின் விற்பனை விளம்பரங்களைப் புரட்டினால் ஒரு வகை விளம்பரம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கார் விற்பனைக்கு உண்டு. புதுப்பிக்கும் வேலை பாதி முடிந்திருக்கிறது. பாகங்கள் எல்லாம் பெட்டிகளில் உள்ளன. நேரமில்லாததால் விற்கிறோம் என்று எழுதியிருப்பார்கள். வண்டியை வாங்கிய விலையையும், அதற்கென வாங்கிய புதுத் தகடுகளின் விலையையும் கூட்டினால் வரும் தொகையைவிடக் குறைவாகவே பெரும்பாலும் கேட்டிருப்பார்கள்.

ஒரு காரின் கதவு, இருக்கை, எஞ்சின், சக்கரம் அனைத்தையும் கழற்றிப் பெட்டிகளில் போடும்வரை இருந்த நேரம், அவற்றைத் திரும்பப் பூட்டும்போது மட்டும் எங்கே போயிற்று? வாங்குபவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அந்த வண்டி பழைய இரும்பாக எடைக்குப் போகும். ஐம்பது, அறுபது ஆண்டுகள் மழையையும் பனியையும் தாங்கி ஓடிய வண்டியை, கடைசியில் அதை நேசித்து வாங்கியவரே கொன்றுவிடுகிறார் என்றுகூடச் சொல்லலாம்!

இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் உண்மைக் காரணத்தில் பாதி வேதியியலில் இருக்கிறது. மறுபாதி உளவியலில் இருக்கிறது. இரண்டையும் ஒரு காரை வைத்தே பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் கார் மாரிஸ் மைனர். 1948-ஆம் ஆண்டு லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் இது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னாளில் புகழ்பெற்ற மினி காரை உருவாக்கியவரும் இவரே. மைனரின் மாதிரி வண்டி பார்வைக்குக் குறுகலாக இருந்ததால், அதை நெடுக நடுவில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தார். அந்த அகலமே சரியென்று பட்டது. இன்றும் மைனரின் பானெட் நடுவே ஒரு தட்டையான பட்டை ஓடுவதைக் காணலாம். அது அந்த 4 அங்குலத்தின் அடையாளம். கம்பெனியின் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கு வண்டியின் உருவமே பிடிக்கவில்லை. முட்டையோடு ஒப்பிட்டுக் கேலி செய்தாராம். ஆனால் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் அதுதான். அதன் நினைவாக இளம் ஊதா நிறத்தில் 350 வண்டிகளைத் தனியே செய்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தன.

இந்தக் குடும்பம் நமக்கு அந்நியமானதன்று. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வாரிசு. சென்னையில் ஒரு காலத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுதான். 1990-களில் இலங்கையில் மைனருக்கான தகடுகளைச் செய்து பிரிட்டனுக்கே அனுப்பினார்கள். ஆங்கிலேயரின் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு இலங்கைக் கொல்லரின் கைவேலை!

உப்பும் சேறும்

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் நீரும் வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பிரிட்டனில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. குளிர்காலத்தில் சாலையில் படியும் பனி உறைந்து வழுக்காமல் இருக்க, அங்கே பாறை உப்பைத் தூவுகிறார்கள். செஷயர் மாவட்டத்து வின்ஸ்ஃபோர்டில் இதற்காகப் பெரிய உப்புச் சுரங்கமே இருக்கிறது. உப்பு கலந்த நீர் நல்ல மின்கடத்தி. துருப்பிடித்தல் என்பதோ ஒரு மின்வேதி வினை. இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகக் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோரிடம் சென்று ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிகின்றன. இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள நீர் நன்றாக மின்சாரத்தைக் கடத்தினால் வினை விரைவாகிறது. மேலும், காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். ஆகவே மழை பெய்யாத நாளிலும் வண்டியின் அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கிறது.

இன்னொரு விந்தை. சேறு அப்பிக்கொண்ட இடத்தில் ஆக்சிஜன் குறைவு. அங்கே துரு குறைவாகத்தானே இருக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. ஆக்சிஜன் குறைந்த பகுதியே எலெக்ட்ரான்களை இழக்கும் முனையாக மாறி அரிக்கப்படுகிறது. வெளியே தெரியும் தகடு நன்றாக இருக்க, சேற்றுக்குப் பின்னால் இரும்பு கரைந்துகொண்டே போகும்.

மைனரில் இது எங்கே நடக்கும்? கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஒரு நீண்ட பெட்டி போன்ற அமைப்பு இருக்கிறது. ஆங்கிலேயர் அதைச் 'சில்' என்பார்கள். மைனருக்கு லாரியைப் போலத் தனியாக ஒரு சட்டகம் கிடையாது. மேல்கூட்டும் தரையும் இந்தச் சில்லும் சேர்ந்துதான் எடையைத் தாங்குகின்றன. சக்கரம் வாரி அடிக்கும் உப்புநீர் சில்லுக்குள் புகுந்தால் வெளியேற வழியாக அடியில் சிறு துளைகள் உண்டு. சேறு அந்தத் துளைகளை அடைத்துவிட்டால்? உள்பக்கத்தில் பெயிண்டும் ஒழுங்காகப் பூசியிருக்காது. வெளியே ஒரு சிறு கொப்புளம் தோன்றும். ஸ்குரு டிரைவரால் லேசாகக் குத்தினால் அது உள்ளே போய்விடும்.

சரி, அந்தச் சில்லை அறுத்தெடுத்துவிட்டுப் புதியதை வைத்துப் பற்றவைப்போம் என்று ஆர்வமாக ரம்பத்தை எடுத்தால் வந்தது வினை. தாங்கிக்கொண்டிருந்த உறுப்பு போனதும் வண்டி நடுவில் தொய்கிறது. கதவு நிலையின் அளவே மாறிவிடுகிறது. புதுச் சில்லைப் பற்றவைத்த பிறகு கதவைப் பொருத்தினால் அது மூடாது. தெரிந்தவர்கள் முதலில் கதவு நிலையின் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்துப் பிணைத்துவிட்டுத்தான் அறுப்பார்கள்.

வார இறுதியில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை இப்படித்தான் மாதங்களாக நீள்கிறது. வெளித்தகட்டை எடுத்தால் உள்தகடு அரித்திருக்கும். அதை எடுத்தால் தரைத்தகடு. ஒவ்வொரு நாளும் வேலை செய்தும் செய்யவேண்டிய வேலையின் அளவு கூடிக்கொண்டே போவது போலத் தோன்றும்.

போதாக்குறைக்கு இறுகிப்போன நட்டுகள். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். மரைகளுக்கு இடையே துரு உண்டானால் அது ஆப்பு இறுக்கினாற்போல் நட்டைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பேனரைப் பலங்கொண்டமட்டும் திருகினால் போல்ட்டு முறியும். இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது. எஃகின் நீள் விரிவெண் டிகிரி செல்சியசுக்கு 0.000012. 10 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டை மட்டும் 300 டிகிரி சூடேற்றினால் துளை எவ்வளவு விரியும்? பெருக்கிப் பாருங்கள்: 0.036 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆனாலும் துருவின் பிடி விரிசல் விட அது போதும். இரண்டு மூன்று முறை சூடேற்றி, ஆறவிட்டு, எண்ணெய் விட்டால் பெரும்பாலும் நட்டு அசைந்துவிடும். (பெட்ரோல் தொட்டிக்கு அருகே இந்த வித்தை வேண்டவே வேண்டாம்.)

ஸ்பேனரிலும் சிக்கல் உண்டு. 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. 1948-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் ஒப்புக்கொண்ட பொது மரையின் கோணம் 60 டிகிரி. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஒருவகை, பிந்தியவற்றில் மற்றொருவகை. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பது நட்டின் அகலம் அன்று, போல்ட்டின் விட்டம். இது தெரியாமல் கிட்டத்தட்டப் பொருந்தும் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அரைமணி வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

எலியும் காப்பி அட்டையும்

இப்போது மனிதர் பக்கம் வருவோம்.

1930-களில் கிளார்க் ஹல் என்ற அமெரிக்க உளவியலார் நீண்ட பாதையின் கடைசியில் உணவை வைத்து, எலிகளை ஓடவிட்டு நேரத்தைக் கணக்கிட்டார். உணவு நெருங்க நெருங்க எலிகளின் வேகம் கூடியது. இலக்கு அருகில் தெரியும்போதுதான் கால் வேகமாக எழும் என்பது அவர் கண்டது. மனிதரும் அப்படித்தானா? 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சுவையானது. ஒரு காப்பிக் கடையில் வாடிக்கையாளர்களுக்கு அட்டை கொடுத்தார்கள். ஒவ்வொரு காப்பிக்கும் ஒரு முத்திரை. 10 முத்திரை சேர்ந்தால் ஒரு காப்பி இலவசம். முத்திரைகள் நிறைய நிறைய, ஆட்கள் அடுத்த காப்பிக்கு வரும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. வேறு சிலருக்கு 12 கட்டங்கள் உள்ள அட்டையைத் தந்து, அதில் 2 கட்டங்களுக்கு முன்கூட்டியே முத்திரை குத்திவைத்தார்கள். இவர்களும் 10 காப்பிதான் குடிக்க வேண்டும். ஆனால் இவர்களே அட்டையை விரைவில் முடித்தார்கள். ஏற்கெனவே கொஞ்சம் நடந்தாகிவிட்டது என்ற எண்ணம் செய்த வேலை அது!

இதை நம் கொட்டகையில் வைத்துப் பாருங்கள். பிரிக்கும் வேலையில் இலக்கு எப்போதும் அருகில் இருக்கிறது. கதவு கழன்றது, இருக்கை வெளியே வந்தது, எஞ்சின் தொங்குகிறது என்று மணிக்கொரு வெற்றி. எல்லாம் பிரித்து முடிந்த அன்று, இலக்கு ஒரேயடியாகத் தொலைவுக்குப் போய்விடுகிறது. இனி ஓடும் வண்டி என்ற ஒன்றே இலக்கு. அதற்கு ஓராண்டோ மூன்றாண்டோ ஆகலாம். எட்டு மணி நேரம் உப்புத்தாளால் ஒரு மட்கார்டைத் தேய்த்தபின் தள்ளி நின்று பார்த்தால், வண்டி காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

காலத்தை நாம் தவறாகக் கணிப்பதும் சேர்ந்துகொள்கிறது. 1994-இல் வெளியான ஒரு கனடா நாட்டு ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை 34 நாட்கள். எல்லாமே கோளாறாகிப் போனால்? 49 நாட்கள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாட்களுக்கு மேல்! இதற்கு முன் செய்த வேலைகளும் தாமதமாயின என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த முறை அப்படி ஆகாது என்று மனம் சொல்கிறது. (உங்கள் விடுமுறை வீட்டுப்பாடத்தை நினைத்துக்கொள்ளலாம்.) ஆய்வேட்டுக்கே இப்படியென்றால், உள்ளே என்ன அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாத காருக்கு?

ஆகவே, ஊக்கம் குறைவது ஒருவருடைய குணக்கேடு அன்று என்பதே என் கருத்து. வேலையை அடுக்கிய முறையிலேயே அந்தக் கேடு இருக்கிறது. மன உறுதி மிக்கவரையும் இந்த அடுக்கு தோற்கடிக்கும். அடுக்கை மாற்றினால் சாதாரண ஆளும் முடித்துவிடுவார்.

ஒரு மூலையிலிருந்து

பல வண்டிகளை முடித்துக் காட்டியவர்கள் முழு வண்டியையும் ஒரே மூச்சில் பிரிப்பதில்லை. அது நான்கு சக்கரத்தில் தள்ளக்கூடிய நிலையிலேயே இருக்கும். இயன்றால் ஓடும் நிலையிலேயே இருக்கும். இடது முன்சக்கரத்தின் பக்கத்தை எடுத்தால் அதைக் கழற்றி, துருநீக்கி, பெயிண்ட் அடித்து, பூட்டிவிட்டுத்தான் வலப்பக்கம். இதில் ஒரு நன்மை, பூட்டும்போது ஐயம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மூலை முடிந்ததும் அட்டையில் ஒரு முத்திரை விழுந்தது போல!

மைனரில் முன்சக்கர வேலைக்கே முதலிடம் தருவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பும் அச்சு ஒரு மரையுள்ள கட்டையில் அமர்ந்து சுழல்கிறது. அதற்கு அவ்வப்போது கிரீஸ் செலுத்தாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் அச்சு கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். ஓடும்போது நிகழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. பளபளக்கும் பெயிண்டைவிட இது முந்த வேண்டும்.

கழற்றிய திருகுகளை ஒரே டப்பாவில் கொட்டுவது ஊக்கத்துக்கு எமன். மூன்று மாதம் கழித்து அந்த டப்பாவைத் திறக்கும்போது எது எங்கே சேரும் என்று எவருக்கும் நினைவிருக்காது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சிறு பை, பையின் மேல் பெயர், கழற்றும் முன் ஒரு புகைப்படம் இருந்தால் போதும். அந்தப் படங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒன்றும் நகரவில்லை என்று சோர்வாகத் தோன்றும் நாளில், ஆறு மாதத்துக்கு முந்திய படத்தை எடுத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது தெரியும்.

சில வேலைகளை அவசரம் இல்லாவிட்டாலும் இடையில் செருகிக்கொள்வார்கள். காரணம், அவை உடனே பலன் காட்டும். முன்விளக்கு அப்படிப்பட்டது. இந்தக் கார்களில் விளக்கின் ஒரு ஒயர் பேட்டரிக்குப் போகும். மற்றதற்கு வண்டியின் உடம்பே கம்பி. இதில் நேர்முனையை உடம்போடு இணைத்திருப்பார்கள். இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறு. உடம்போடு சேரும் திருகு துருப்பிடித்தால் அங்கே மின்தடை உண்டாகிறது. கணக்கு எளிதாக இருக்க 12 வோல்ட்டு, 48 வாட்டு விளக்கு என்று கொள்வோம். மின்னோட்டம் 4 ஆம்பியர். விளக்கின் தடை 3 ஓம். துரு அரை ஓம் சேர்த்தால் மொத்தத் தடை 3.5 ஓம், மின்னோட்டம் ஏறத்தாழ 3.4 ஆம்பியர், விளக்குக்குக் கிடைப்பது 10.3 வோல்ட்டு. இழந்தது 1.7 வோல்ட்டுதான். ஆனால் இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும். கிடைப்பது ஏறத்தாழ 60 விழுக்காடு ஒளிதான். அந்தத் திருகைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பூட்ட கால்மணி நேரம் ஆகும். லூகாஸ் நிறுவனத்தின் மின்கருவிகளைப் பற்றி ஆங்கிலேயர் சொல்லும் நகைச்சுவைகளுக்கு அளவில்லை. அவற்றில் பாதிக் குற்றம் இந்தத் துருப்பிடித்த திருகினுடையது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

தூங்கும்போதே நடக்கும் வேலை ஒன்றும் உண்டு. சலவைச் சோடா கரைத்த பிளாஸ்டிக் தொட்டியில் துருப்பிடித்த பாகத்தைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதோடு இணைப்பார்கள். நேர்முனையில் ஒரு வேண்டாத இரும்புத் துண்டு. மின்சாரம் பாயும்போது பாகத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் எழுந்து துருவைத் தளர்த்தும். துருவில் ஒரு பகுதி ஒடுக்கமடைந்து கருப்புப் பொடியாகும். காலையில் எடுத்து பிரஷ்ஷால் தேய்த்தால் நல்ல இரும்பு வெளிப்படும். நல்ல இரும்பை இது அரிப்பதில்லை என்பதுதான் அமிலத்தைவிட இதன் சிறப்பு. ஹைட்ரஜன் தீப்பற்றும் ஆதலால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் வைக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரையும். ஆசிரியர் உடனின்றி நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்து உயிரிழந்தவர்கள் உண்டு. உறுதியான தாங்கிகள் இல்லாமல் அனுபவசாலிகள் தலையைக்கூட உள்ளே நீட்டுவதில்லை. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம் என்பதால் அந்தத் தூசியை ஊதவும் மாட்டார்கள்.

தனியாகச் செய்பவரைவிடக் கூட்டாளி உள்ளவரே அதிகம் முடிக்கிறார் என்று பழைய கார்ச் சங்கங்களில் இருப்பவர்கள் சொல்வார்கள். வியாழக்கிழமை மாலை நண்பர் வருவார் என்றால், குளிரில் கொட்டகைக்குப் போக வேண்டுமா என்ற கேள்வியே எழாது. முடித்தவரின் வண்டியில் ஒருமுறை ஏறிப் போய்வருவதும் நல்ல மருந்து. மைனரின் எஞ்சின், வேகத்தைக் குறைக்கும்போது எழுப்பும் அந்த விசித்திரமான ஒலியைக் கேட்டவருக்கு, தம் கொட்டகையில் உள்ள எஞ்சின் வெறும் இரும்பாகத் தெரியாது.

பருவத்தையும் பார்த்து வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். பிரிட்டனின் குளிர்காலக் கொட்டகையில் பெயிண்ட் சரியாக உலராது. ஈரம் பட்டு வெளுத்துவிடும். ஆகவே பெயிண்ட் வேலை கோடைக்கு. நவம்பர் முதல் மார்ச் வரை, வீட்டுக்குள் மேசைமேல் நாளிதழை விரித்துச் செய்யக்கூடியவை: கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டுதல், வேகமானியைச் சரிபார்த்தல், இருக்கைக்குத் தோல் தைத்தல். 40 ஆண்டுகளைத் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 முதல் பிரிட்டனில் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. எனினும் பலர் தாமாகவே கொண்டுபோய்ச் சோதித்துக்கொள்கிறார்கள். ஓடும் நிலையில் உள்ள மைனரின் சொந்தக்காரர்கள், சாலையில் முதல் உப்பு விழுந்ததும் வண்டியைக் கழுவித் துடைத்து உள்ளே நிறுத்திவிடுவார்கள். வசந்தத்தில் நல்ல மழை இரண்டு பெய்து சாலை கழுவப்பட்ட பிறகே அது மறுபடியும் வெளியே வரும். இடைப்பட்ட மாதங்களில் எந்த மூலையைக் கழற்றலாம் என்று அவர்கள் முன்பே குறித்து வைத்திருப்பார்கள்.